பெரிய வியாழன் பாதம் கழுவுறது: பவுடர் போட்டுட்டுப் போன காலை எதுக்குக் கழுவணும்?

முத்துநகர்_பையன்:
வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் மொதல் தடவையா இழை தொடங்குறேன், தப்பான பிரிவா இருந்தா மாடரேட்டர் மாத்திடுங்க.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமைதான் பெரிய வியாழன், இயேசு சீஷர்கள் காலைக் கழுவுன ஞாபகமா அன்னைக்குப் பூசைல ஃபாதர் பன்னெண்டு பேர் காலைக் கழுவுவாரு. இந்த வருஷம் எங்க பங்குக் கோயில்ல எடுத்த பன்னெண்டு பேர்ல என் பேரும் வந்துச்சு. அன்பியத்துக்கு (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்த ஜெபக் குழு) ஒருத்தர்னு கணக்கு, எங்க அன்பியத்துல வழக்கமா போற மாமாவுக்கு முட்டி வலி, அதனால நான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மத்தியானம் மூணு மணிக்கே உக்கார வச்சு நகம் வெட்டச் சொல்லி, கல்லு வச்சு குதிகால் பித்தவெடிப்பெல்லாம் தேய்க்கச் சொல்லி, சோப்பு ரெண்டு தடவ, கடைசில பவுடர். ஆமா, காலுக்கு பவுடர்! ஃபாதர் வந்து முட்டி போட்டு, வலது காலுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்தி, துண்டால ஒத்தி, முத்தம் குடுத்துட்டு அடுத்தாளுக்குப் போயிட்டாரு. இருபது செகண்ட் இருக்கும். ஃபோட்டோ எடுக்குறவரு "ஃபாதர் ஒரு நிமிஷம் அப்படியே"ன்னு நிறுத்துனாரு, அவரும் என் காலைப் பிடிச்சபடியே கேமராவப் பாத்தாரு.

நான் கிண்டல் பண்ணல. ஃபாதர் நல்ல மனுஷன், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வருவாரு. ஆனா அந்த நாற்காலியில உக்காந்திருந்தப்போ உறுத்திக்கிட்டே இருந்துச்சு, இதுல யாருக்கு என்ன சேவை நடந்துச்சு? ஏற்கனவே சுத்தமா இருக்குற காலைக் கழுவுறது தாழ்மைன்னா அழுக்கா இருக்குற காலு எங்க போச்சு? உங்களுக்கெல்லாம் இப்படித் தோணிருக்கா?

அடுப்பங்கரை_அரசி:
பவுடர் மேட்டர் படிச்சு சிரிச்சிட்டேன் தம்பி, எங்க வீட்டுக்காரர் போன வருஷம் போனாரு, நான் புது சாக்ஸ் வாங்கிக் குடுத்தேன், கழட்டப் போற சாக்ஸுக்கு எதுக்குடி புதுசுன்னு திட்டுனாரு. ஆனா சடங்குன்னா அப்படித்தானே இருக்கும்? கல்யாணத்துல அம்மி மிதிக்கிறோம், யாரு இப்போ அம்மில அரைக்கிறா?

நூலகம்77:
சடங்கு காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டுத்தான் இருக்கு. போப் பிரான்சிஸ் 2013ல பதவிக்கு வந்து ரெண்டே வாரத்துல பெரிய வியாழன் வந்துச்சு. வழக்கமான பெரிய கோயில்ல செய்யாம ரோம்ல இருக்குற சிறுவர் சிறைக்குப் போயி பன்னெண்டு பேர் காலைக் கழுவுனாரு. அதுல ரெண்டு பொண்ணுங்க, முஸ்லிம் பிள்ளைங்களும் இருந்தாங்க. அதுவரைக்கும் விதிப்படி ஆம்பளைங்க காலை மட்டுந்தான் கழுவணும், 2016ல விதியையே மாத்துனாங்க. எங்க பக்கம் இன்னமும் பன்னெண்டு ஆம்பளைங்கதான், அது வேற கதை.

அந்தக் காலத்துல பாலஸ்தீனத்துல செருப்புன்னா வெறும் அடித்தோலும் வாரும்தான், ரோடெல்லாம் புழுதி, ஆடு மாடு போற வழி. விருந்துக்கு வர்றவங்க காலைக் கழுவுறது வீட்டு அடிமையோட வேலை. சீஷர்கள் யாருமே எந்திரிக்கல, இயேசுவே துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு எந்திரிச்சிட்டாரு. பேதுரு "ஒருக்காலும் கூடாது"ன்னு கத்துனதுல ஆச்சரியமே இல்ல.

சந்தேகப்பிராணி:
நான் எந்த மதமும் இல்லாதவன், அத முதல்லயே சொல்லிடுறேன். இந்த கிறிஸ்தவ சேவைன்னாலே எனக்கு ஒரு சந்தேகம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம், எல்லாத்துக்கும் பின்னாடி ஆள் சேக்குற வேலைதானே இருந்துச்சு? தூண்டில்ல மாட்டுற புழுவுக்கு அன்புன்னு பேரு வைக்கலாமா? கோவப்படாம பதில் சொல்லுங்க.

மேட்டுத்தெரு:
சந்தேகப்பிராணி வெளியில இருந்து கேக்குறாரு, நான் உள்ள இருந்து கேக்குறேன். எங்க ஊர்க் கோயில்ல (பேரு வேணாம்) கல்லறைத் தோட்டத்துல சாதி பாத்துப் பிரிக்க நடுவுல சுவர் இருக்கு. எங்க தாத்தா இந்தப் பக்கம், அதே பூசைக்கு வந்த இன்னொருத்தர் தாத்தா அந்தப் பக்கம். பாதம் கழுவ எங்க தெருவுல இருந்து ஆளே கூப்பிட மாட்டாங்க. நான் காலேஜ் படிக்கிறப்போ மொதல் தடவையா எங்க சித்தப்பாவக் கூப்பிட்டாங்க, பன்னெண்டாவது நாற்காலி. அவரு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. தம்பி கேட்ட அழுக்கா இருக்குற காலு எங்க போச்சுங்குறதுக்கு இதுவும் ஒரு பதில். அழுக்குன்னு யாரு முடிவு பண்றது?

மாடரேட்டர்:
நல்ல விவாதம், தொடருங்க. ஊர் பேரு, ஆள் பேரு வேணாம். மேட்டுத்தெரு, நீங்க கவனமாத்தான் எழுதிருக்கீங்க, மத்தவங்களுக்குச் சொல்றேன்.

காட்பாடி_அக்கா:
ரெண்டு நாளா படிச்சிட்டு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். நான் எழுத்தாளி இல்லப்பா, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க, கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் வேலூர்ப் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒண்ணுல டிரெஸ்ஸிங் ரூம்ல 31 வருஷம் வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவ. 1983ல சேந்தேன். கால் கழுவுறதுதான் என் வேலை, வருஷத்துக்கு ஒரு நாள் இல்ல, ஞாயித்துக்கிழமை போக தினம். தம்பி கேட்ட கேள்விய அங்க வச்சுத்தான் என்னால பாக்க முடியும்.

மொத வாரம் எனக்கு வாந்தி வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். கட்டுப் பிரிச்சதும் ஒரு நாத்தம் வரும் பாருங்க, மதியம் சாப்பாட்டுல கை வைக்க முடியாது. எனக்கு மூத்த அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க திட்டல, ஆறுதலும் சொல்லல, நான் உக்காந்திருந்த ஸ்டூலை எடுத்துட்டு அதைவிட குட்டையான முக்காலி ஒண்ணு போட்டாங்க. பேஷண்டு பெஞ்சு மேல, நான் தரையோட தரையா. எனக்குக் கோவம், புதுசா வந்தவளுக்கு இதுவான்னு. அப்புறந்தான் புரிஞ்சுது. உள்ளங்கால்ல இருக்குற புண்ணைப் பாக்கணும்னா நம்ம தலை அவங்க காலுக்குக் கீழ இருக்கணும், மேல இருந்து குனிஞ்சு பாத்தா மேல்தோல்தான் தெரியும். இதுல பக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல, வேலைக்கு அதுதான் உயரம்.

இன்னொண்ணு. பெருவியாதி வந்தா விரலு அழுகி விழும்னு இன்னைக்கும் படிச்சவங்களே நம்புறாங்க. விழாது. கிருமி நரம்பைத் தாக்கும், உணர்ச்சி போயிடும், வலி தெரியாது. வலி தெரியாததால அடுப்புல இருக்குற பாத்திரத்தை வெறுங்கையால தூக்குவாங்க, செருப்புல ஆணி குத்தியிருக்கும் அதோடயே ரெண்டு மைல் நடப்பாங்க, அப்புறம் அந்தப் புண்ணு சீழ் வச்சு எலும்பு கரையும். இதைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னவரு பால் பிராண்டு டாக்டர். கொல்லிமலையில 1914ல பொறந்தவரு, 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) வந்தாரு. ராத்திரி தூங்கி எந்திரிச்சா விரல்ல துண்டு காணோம்னு பேஷண்டுங்க சொல்ல, ராத்திரி முழிச்சிருந்து பாத்தா எலி! கடிக்கிறது தெரியாம தூங்கிட்டிருந்திருக்காங்க. அப்புறம் டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்க கையோட ஒரு பூனையும் குடுத்து அனுப்புனாங்களாம். எங்க சீனியர்ங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, நமக்குக் கண்ணுல தண்ணி வரும்.

நரம்பு போனா வேர்வையும் வராது, கால் காஞ்சு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாத்தான் எல்லா வினையும். அதுக்கு மருந்து பெருசா ஒண்ணும் இல்ல. பேசின்ல தண்ணி ஊத்தி இருபது நிமிஷம் ஊற வைக்கணும், சொரசொரப்பான கல்லால காய்ப்பைத் தேய்க்கணும், ஈரம் காயறதுக்குள்ள தேங்காண்ணெய் தடவணும். தினம். சாவுற வரைக்கும்.

இப்ப தம்பியோட கேள்விக்கு வர்றேன். நான் ஆரம்பத்துல எல்லார் காலையும் நானே தேய்ச்சு விடுவேன், எனக்கு அதுல ஒரு பெருமைகூட. சர்ச்சுல சாட்சி சொல்லுற மாதிரி மனசுக்குள்ள ஒரு ஓட்டம் ஓடும். அந்த மூத்தம்மா ஒரு நாள் கல்லைப் புடுங்கிட்டாங்க. "நீ தேய்ச்சு விட்டா ஊருக்குப் போனா யாரு தேய்ப்பா? உன்னைக் கூட கட்டி அனுப்பட்டுமா?"ன்னாங்க. அன்னையில இருந்து வரிசையா பேசின் வச்சு அவங்களையே செய்ய விட்டோம். விரல் இல்லாதவரு கல்லைப் பிடிக்க முடியாது, அவருக்குப் பக்கத்துல இருக்குற விரல் இருக்குறவரு தேய்ச்சு விடுவாரு. கண்ணு போனவங்க உண்டு, இந்த வியாதில கண்ணும் போகும், அவங்களுக்கு விரல் இல்லாதவரு உள்ளங்காலைப் பாத்து "இடது பெருவிரலுக்குக் கீழ செவப்பா இருக்குய்யா, இன்னைக்கு நடக்காத"ன்னு சொல்லுவாரு. ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவுங்கன்னு வேதத்துல எழுதிருக்குல்ல, அதை நான் அந்த வராண்டாலதான் பாத்தேன், செஞ்சது பேஷண்டுங்க. நான் தண்ணி மாத்திக் குடுத்தேன்.

சந்தேகப்பிராணி:
அக்கா, நல்லா இருந்துச்சு, உண்மையாவே. ஆனா என் கேள்விக்குப் பதில் வரல.

காட்பாடி_அக்கா:
தூண்டில் கேள்வியா? இருந்துச்சுப்பா, இல்லைன்னு சொன்னா எனக்கே நெஞ்சு உறுத்தும். மிஷனரிங்க கடல் தாண்டி வந்ததே அதுக்குத்தான், ஒளிச்சு வைக்கல. காலைல வார்டுல ஜெபம் நடக்கும், பாட்டு பாடுவோம், சில பேருக்குப் பிடிக்கும் சில பேரு போர்வைய இழுத்துப் போத்திக்குவாங்க. நான் பாத்த வரைக்கும் போத்திக்கிட்டவங்களுக்கு எண்ணெய் குறைச்சு ஊத்தல. எங்ககிட்ட ஒரு பாய் வருவாரு, அவரு கால்தான் வார்டுலயே நல்ல காலு, ஏன்னா அஞ்சு வேளையும் தொழுகைக்கு முன்னாடி ஒளு செய்றப்போ, அதான் கை கால் கழுவுறப்போ, காலைத் தொட்டுப் பாக்குறாரு, ஏதாவது வெட்டுப் பட்டா அன்னைக்கே தெரிஞ்சுடும். நாங்க மத்தவங்களுக்கு அவரைக் காட்டித்தான் பாடம் எடுப்போம். அவரு மதம் மாறல, நாங்களும் கேக்கல.

எல்லா இடத்துலயும் இப்படியான்னு கேட்டா எனக்கு என் வராண்டா மட்டுந்தான் தெரியும்.

நூலகம்77:
இது கிறிஸ்தவங்களுக்கு மட்டும் எழுதி வச்ச சொத்து இல்லைங்குறதையும் சேத்துக்கலாம். காந்தியோட சேவாகிராம ஆசிரமத்துல பர்ச்சூரே சாஸ்திரின்னு சமஸ்கிருத பண்டிதர், தொழுநோயோட வந்து நின்னாரு. ஆசிரமத்துலயே குடிசை போட்டுக் குடுத்து, காந்தியே தினம் புண்ணைக் கழுவி எண்ணெய் தேய்ச்சு விட்டாரு. தொழுநோயாளிங்க மேல அவரு காட்டுன அக்கறைக்காகத்தான் அவரு இறந்த ஜனவரி 30ஐ தொழுநோய் ஒழிப்பு நாளா இந்தியாவுல வச்சாங்க. அதே நேரத்துல காந்திக்கு இயேசுவோட மலைப்பிரசங்கம் எவ்வளவு பிடிக்கும்னும் எல்லாருக்கும் தெரியும், யாரு யாருகிட்ட இருந்து எடுத்தாங்கன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

ஒரு கொசுறு. தொழுநோயாளிங்களைப் பிரிச்சு அடைச்சு வைக்க 1898ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை 2016லதான் எடுத்தாங்க. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேக்கலாம்னு இருந்தது 2019லதான் போச்சு. மருந்து சாப்பிட்டா ஆறு மாசம், மிஞ்சிப் போனா ஒரு வருஷம், குணமாயிடும், அதுவும் இலவசம். சட்டத்துக்குத்தான் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அடுப்பங்கரை_அரசி:
வேலூர்னதும் சி.எம்.சி.யைத் தொடங்குன ஐடா ஸ்கடர் அம்மா ஞாபகம் வந்துச்சு. ஒரே ராத்திரில மூணு பேரு வந்து பொண்டாட்டிக்குப் பிரசவம்னு கூப்பிட்டு, ஆம்பளை டாக்டர் வேணாம்னு சொல்லி, காலைல மூணு பேரும் செத்துட்டாங்கன்னு வேலூர்ல நடந்த கதை, ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்க.

நூலகம்77:
சின்ன திருத்தம், அது நடந்தது திண்டிவனத்துல. ஐடாவோட அப்பா அங்கதான் டாக்டரா இருந்தாரு. அந்தப் பொண்ணுக்கு மிஷனரி ஆகுற எண்ணமே கிடையாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு அமெரிக்காவுல இருந்து வந்தவங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, மூணு பேரும் தனித்தனியா வந்து கேட்டாங்க. அதுக்கப்புறந்தான் திரும்பிப் போயி 1899ல டாக்டர் படிப்பை முடிச்சு 1900ல வந்து வேலூர்ல ஒத்தைக் கட்டில்ல ஆரம்பிச்சாங்க. 1918ல பொம்பளைங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல். அந்தக் காலேஜோட குறிக்கோள் வாசகமே "ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யும்படி"ங்குறதுதான்.

மேட்டுத்தெரு:
எல்லாரும் பெரியவங்க கதையச் சொல்றீங்க, மரியாதை இருக்கு. ஆனா அக்கா சொன்ன முக்காலிதான் எனக்கு மண்டையில உக்காந்திருக்கு. எங்க கோயில்ல ஃபாதர் முட்டி போடுறப்போ மெத்தை போட்ட பலகை வைப்பாங்க. எங்க சித்தப்பாவோட பன்னெண்டாவது நாற்காலிக்கு வர்றதுக்குள்ள தண்ணி தீந்து போயி, வெறும் துண்டால தொடைச்சு விட்டாருன்னு பின்னாடி அவரு குடிச்சிருந்தப்போ ஒரு நாள் சொன்னாரு. வேணும்னே செஞ்சதா இல்ல தற்செயலா தெரியாது, அவரும் கேக்கல. இப்ப அவரு இல்ல.

சுவரைப் பத்தி யாருமே பதில் சொல்லலங்குறதையும் கவனிச்சேன்.

சந்தேகப்பிராணி:
நான் சொல்றேன். சுவர் இடிக்கிற வரைக்கும் அந்தக் கோயில்ல பாதம் கழுவுறதை நிறுத்தி வைக்கணும். அவ்வளவுதான்.

அடுப்பங்கரை_அரசி:
நிறுத்தினா யாருக்கும் உறுத்தாதே. வருஷத்துக்கு ஒரு நாளாவது அந்த வசனத்தை வாசிக்கிறதாலதான் மேட்டுத்தெரு அண்ணனால கேள்வி கேக்கவே முடியுது. எனக்குத் தெரியல, சும்மா தோணுனது.

முத்துநகர்_பையன்:
இழையத் தொடங்கிட்டு காணாமப் போயிட்டேன், மன்னிக்கணும். காரணம் இருக்கு.

அக்கா எழுதுனதை வீட்டுல சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். எங்கப்பாவுக்கு பன்னெண்டு வருஷமா சுகர். உப்பளத்துல வேலை பாத்தவரு, காலெல்லாம் தோல் தடிச்சு கல்லு மாதிரி இருக்கும். வலி தெரியாம செருப்புல ஆணியோட நடப்பாங்கன்னு நான் வாசிச்சதும் அம்மா நிமிந்து பாத்தாங்க. அப்பாவுக்கு ஒரு மாசமா செருப்பு எங்கயாவது கழண்டு விழுந்தாக்கூட தெரிய மாட்டேங்குது, வாசல் வரைக்கும் போயிட்டு ஒத்தைச் செருப்போட நிப்பாரு, நாங்க வயசாயிடுச்சுன்னு சிரிச்சிட்டு விட்டோம்.

காலைக் காட்டுங்கப்பான்னேன். மாட்டேன்னுட்டாரு. "பெத்தவன் காலைப் பிடிச்சுப் பாக்குற அளவுக்கு நான் படுத்துட்டேனாலே"ன்னு கத்துனாரு. சாப்பிடாம போயிப் படுத்தாரு. ராத்திரி பத்து மணிக்கு அம்மா சொல்லி ஒருவழியா கட்டில்ல உக்காந்தாரு. நான் குனிஞ்சு பாத்தேன், ஒண்ணும் தெரியல. அப்புறம் அக்கா சொன்ன மாதிரி தரையில படுக்காத குறையா உக்காந்து பாத்தேன். வலது கால் சுண்டுவிரலுக்குக் கீழ ஒரு ஓட்டை, ஒரு பட்டாணி அளவுக்கு, சுத்தி வெள்ளையா தோல். செருப்பைத் திருப்பிப் பாத்தா உள்பக்கம் ஒரு சிப்பித் துண்டு குத்தி நிக்குது. எத்தனை நாளோ.

அக்கா, அதே மாதிரி ஊற வச்சுத் தேய்ச்சு எண்ணெய் போடலாமா?

காட்பாடி_அக்கா:
வேணாம்! தம்பி, நல்லவேளை கேட்டீங்க. அது எங்க பேஷண்டுங்களுக்குச் சொல்லிக் குடுத்த முறை, சுகர் காலை ஊற வைக்காதீங்க. புண்ணு இருக்குற காலுக்கு கல்லு, பிளேடு எதுவும் கிட்டவே கொண்டு போகாதீங்க. நாளைக்குக் காலைல மொத வேலையா டாக்டர்கிட்ட, சுகர் கால் பாக்குறவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க. மத்தபடி தினம் வெதுவெதுப்பான தண்ணில கழுவுறது, தண்ணி சூட்டை உங்க முழங்கையால பாருங்க, அப்பா காலால பாக்கச் சொல்லாதீங்க, அவருக்குத் தெரியாது. விரல் இடுக்கெல்லாம் ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும். செருப்பு போடுறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுப் பாக்குறது. வெறுங்கால்ல வீட்டுக்குள்ளகூட வேணாம்.

சந்தேகப்பிராணி:
தம்பி, டாக்டர் என்ன சொன்னாருன்னு போடுங்க.

முத்துநகர்_பையன்:
போயிட்டு வந்தோம். எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்புக்குப் போகலையாம், செத்த தோலை வெட்டி எடுத்து கட்டுப் போட்டிருக்காங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லிருக்காங்க. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும்னாரு டாக்டர். அப்பா வர்ற வழியெல்லாம் பேசல. எம்.சி.ஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கச் சொல்லிருக்காங்க, கடைல கிடைக்குமா அக்கா?

காட்பாடி_அக்கா:
ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சில கடைல ரெடிமேடா கிடைக்கும், ஆனா அளவு எடுத்துச் செஞ்சா நல்லது, தொழுநோய் ஆஸ்பத்திரிங்கள்ல, பெரிய சுகர் ஆஸ்பத்திரிங்கள்ல செஞ்சு தர்றாங்க. ஸ்பாஞ்சு மாதிரி மெத்துன்னு ரப்பர், ஆணியே அடிக்க மாட்டாங்க, பசையும் தையலுந்தான். எங்க பேஷண்டுங்களுக்காக வந்த செருப்பு, இப்ப சுகர்காரங்கதான் நிறைய போடுறாங்க. ஒண்ணுதான் கஷ்டம், அந்தச் செருப்பைப் பாத்தாலே குஷ்டரோகி செருப்புன்னு சொல்லுவாங்கன்னு சில பேரு போட மாட்டேங்குறாங்க. அப்பாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க. அளவுக்கு, பேப்பரைத் தரையில போட்டு அப்பாவை அது மேல நிக்க வச்சு காலைச் சுத்தி பென்சிலால வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க. பென்சிலை நேரா பிடிக்கணும், சாய்க்கக் கூடாது.

முத்துநகர்_பையன்:
இப்பத்தான் வரைஞ்சேன். பழைய காலண்டர் பின்பக்கம். சின்னப் பிள்ளைல அவரு என் காலைப் பிடிச்சா நான் கூச்சத்துல உருளுவேன், அது ஞாபகம் வந்து, பென்சில் உள்ளங்கால் வளைவுல போறப்போ கூசுதாப்பான்னு கேட்டேன். "வரைய ஆரம்பிச்சிட்டியா?"ன்னாரு.

காட்பாடி_அக்கா:
ரெண்டு காலையும் வரைங்க தம்பி. ஒண்ணு எப்பவும் கொஞ்சம் பெருசா இருக்கும்.